மணலுக்குப் போட்ட கடிவாளம்

கோரைத்திட்டைத் தீவு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கிழக்கே கடல், மேற்கே ஏரி, இரண்டுக்கும் நடுவே கிழித்துப்போட்ட வேட்டிக்கரை மாதிரி ஆறு மைல் நீளத்துக்கு மணல். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால், வாய் சிவப்பதற்குள் ஏரிக்கரை வந்துவிடும். அந்த மணலின் வடகோடியில் தொண்ணூற்று மூன்று வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கங்கையம்மன் கோயில், ஒரு ஐஸ் அறை.

ஐஸ் அறையை நடத்தியவள் தேசம்மாள். ஐம்பத்திரண்டு வயது. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. அவள் கணவன் கோதண்டம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "ரெண்டு பேர் பேச்சையும் நானே பேச வேண்டியிருக்குது, அதான் தொண்ட இப்பிடி" என்பாள்.

அந்த ஊரைக் கடல் தின்றுகொண்டிருந்தது. தேசம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவள் வீடு கடலிலிருந்து நாலாவது வரிசை. அவள் எங்கேயும் நகரவில்லை, ஆனால் இப்போது முதல் வரிசையில் இருந்தாள். முன்னால் இருந்த மூன்று வரிசையும் தண்ணீருக்குள் போய்விட்டன.

அப்போதுதான் ஒரு கடல் ஆய்வு நிலையத்திலிருந்து ஷமீமா வந்தாள். பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்த பெண், பொறியாளர். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலடியில், பாசி மாதிரி ஆடுகிற கருப்பு நாடாக்களை வரிசை வரிசையாக நட்டாள். அவற்றை இயக்கும் பெட்டிக்கு இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம் வேண்டும். ஊரில் அப்படி மின்சாரம் இருந்தது ஐஸ் அறையில் மட்டும்தான். அதனால் பெட்டி அங்கே வந்தது. பெட்டியோடு பொறுப்பும் தேசம்மாளிடம் வந்தது.

"இது இன்னா பண்ணும்?" என்று கேட்டாள் தேசம்மாள்.

"அக்கா, ஆத்துல தண்ணி ஓடுற மாதிரி கடலுக்கடியில மணல் ஓடுது. வருஷத்துல ஒம்பது மாசம் தெக்கேருந்து வடக்கே. மழைக்காலம் மூணு மாசம் மட்டும் வடக்கேருந்து தெக்கே. உங்க ஊரு வழியாத்தான் போவுது, ஆனா நிக்கிறதில்ல. இந்த நாடா அத கொஞ்சம் நிக்கச் சொல்லும்."

"சொன்னா கேக்குமா?"

"வெயில்ல நடந்து போறவன் நெழலக் கண்டா நிக்கிறான்ல? நாடா ஆடுற ஆட்டத்துல தண்ணி வேகம் கொறையும். வேகம் கொறஞ்சா மணலு அங்கயே உக்காந்துரும். இந்தச் சக்கரத்த வலது பக்கம் திருப்பினா உக்காரும். இடது பக்கம் திருப்பினா நாடா வேற மாதிரி ஆடும், உக்காந்த மணல் எழுந்து போயிரும்."

"எழுந்து போவ எவன் திருப்பப் போறான்?" என்று சிரித்தாள் தேசம்மாள்.

சக்கரத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் இருந்தன. ஊர் கூடிப் பேசி எட்டில் வைத்தார்கள். பத்தில் வைக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. பேராசை என்று கடலுக்குத் தோன்றிவிடக் கூடாதே என்று இரண்டு குறைத்துக்கொண்டார்கள்.

மணல் வந்தது. முதல் வருஷம் இருபது அடி. இரண்டாம் வருஷம் நாற்பது. வலை காயப்போட இடமில்லாமல் சண்டை போட்ட அண்ணன் தம்பிகள், நடுவில் ஒரு படகை நிறுத்தும் அளவுக்குத் தள்ளித் தள்ளிக் காயப்போட்டார்கள். இராவணன் மீசைப் புல் புதுமணலில் உருண்டு வந்து வேர்பிடித்தது. கரையில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. பெண்கள் சாயங்காலம் கைப்பந்து ஆடினார்கள். அதில் தேசம்மாள் அடித்த பந்து ஒன்று கோயில் மணியில் பட்டு, பூசாரி ஓடிவந்து தீபாராதனைத் தட்டை எடுத்த கதையை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவளுக்கு மணல்காரம்மா என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை, அவள் மகள் செவ்வந்தி படகில் வந்து இறங்கினாள். செவ்வந்தியைக் கட்டிக்கொடுத்தது வடக்கே, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், பனையடிக்குப்பத்தில். முகத்துவாரம் என்பது இரண்டு மணல்தீவுகளுக்கும் நடுவே கடல் ஏரிக்குள் போய் வருகிற வாய். பத்து நிமிடப் படகுப் பயணம். வந்தவள் கையில் மிக்சி இருந்தது. அவளுக்குப் பின்னால் படகில் கேஸ் அடுப்பு, சிலிண்டர், சாமான் மூட்டை.

தேசம்மாள் ஓடிப்போய் மிக்சியை வாங்கிக்கொண்டாள். "இன்னாடி ஆச்சு? அடிச்சானா?"

"யாரு?"

"உம் புருஷன்தான்."

"அது எறும்பக் கூட அடிக்காதும்மா. அடுப்பங்கர போயிருச்சு. நேத்து வெள்ளாட்டத்துல செவுரு விழுந்து கடலுக்குள்ள போயிருச்சு. மழ முடியற வரைக்கும் இதெல்லாம் இங்க இருக்கட்டும்."

வெள்ளாட்டம் என்றால் கடல் பொங்கி வருவது. பனையடிக்குப்பத்தில் அப்படி நடந்ததாகத் தேசம்மாள் கேள்விப்பட்டதே இல்லை. அந்த ஊர்க் கரை அகலமானது. பெண் பார்க்கப் போனபோது, 'எம்மாம் பெரிய கரை, நம்ம பொண்ணு குடுத்து வெச்சவ' என்று சொன்னதே அவள்தான். அன்றே படகேறிப் போய்ப் பார்த்தாள். கரை இல்லை. தென்னை மரங்களின் வேர்கள் காற்றில் தொங்கின. மகள் வீட்டின் பின்பக்கம் திறந்து கிடந்தது. சமையலறை இருந்த இடத்தில் அலை வந்து வந்து போனது.

அங்கிருந்தே ஷமீமாவுக்குப் போன் போட்டாள்.

"நம்மகிட்ட உக்காந்த மணலு, எங்க போயிருக்க வேண்டிய மணலு?"

"வடக்கேக்கா. பனையடிக்குத்தான். கொறையும்னு தெரியும். இவ்ளோ சீக்கிரம்னு தெரியல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அறிக்கையில எழுதியிருந்தேன்."

"அறிக்கைய யாரு படிப்பா? எங்கிட்ட வாயால சொல்லியிருந்தா, எம் பொண்ணு அங்கதான் இருக்குதுன்னு நான் சொல்லியிருப்பேன்ல."

ஊர்க்கூட்டத்தில் அவள் விஷயத்தைச் சொன்னாள். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். சக்கரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டதும் எல்லோரும் வருத்தப்படுவதை நிறுத்தினார்கள். "நாப்பது வருஷமா நம்மூரு போச்சு, அப்ப அவங்க வந்து மணல் குடுத்தாங்களா?" என்றார் ஒருவர். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. தேசம்மாள் யாரிடமும் சொல்லாமல் எட்டை ஐந்தாக்கினாள். ஒரே மாதத்தில் கைப்பந்து மைதானத்தின் ஓரக்கோடு அலையில் போனது. ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஐஸ் அறைக்கு இரண்டாவது பூட்டு வந்தது. அதன் சாவி ஊர்ப் பொதுவில்.

பனையடிக்குப்பத்தின் நாட்டார், அதாவது ஊர்த்தலைவர், எத்திராசு. செவ்வந்தியின் மாமனார். வெள்ளைச் சட்டையும் பெரிய தொப்பையுமாக, நடந்தால் கூடவே ஒரு கூட்டம் நடப்பது போன்ற தோரணை. அவர் சம்பந்தி வீட்டுக்கு வந்து, கொடுத்த மோரைக் குடிக்காமல் தள்ளி வைத்தார்.

"சம்பந்தியம்மா, பொண்ணக் குடுத்தீங்க, சந்தோஷம். மண்ண எடுத்துக்கினீங்களே."

"நான் எடுக்கல சம்பந்தி. அதுவா வந்து உக்காந்துச்சு."

"கூப்புடாம எவனும் வந்து உக்கார மாட்டான். சரி. எங்களுக்கும் கூப்புடத் தெரியும்."

அடுத்த வருஷமே அவர்களும் நாடா போட்டார்கள். வேறொரு நிலையத்தைப் பிடித்து, இன்னும் நீளமான நாடா. மழைக்காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிற மணலை அவர்கள் பிடித்தார்கள். மற்ற ஒன்பது மாதம் இவர்கள் பிடித்தார்கள். அவர்கள் ஒன்பதில் வைத்தார்கள் என்று தெரிந்ததும் இவர்கள் பத்துக்குப் போனார்கள். சம்பந்திகளுக்குள் பேச்சு நின்றது. செவ்வந்தி மட்டும் இரண்டு பக்கமும் குழம்புத் தூக்கோடு படகில் போய்வந்தாள். "எங்க மாமாவும் நீயும் ஒரே மாதிரிதாம்மா. அவருக்கு மீச இருக்குது, அவ்ளோதான்" என்றாள் ஒருநாள். தேசம்மாள் இரண்டு நாள் அவளோடும் பேசவில்லை.

இரண்டு கையும் இரண்டு பக்கமிருந்து இழுத்தால் கயிறு நடுவில்தான் இறுகும். முகத்துவாரம் சுருங்கியது. முதலில் பெரிய படகுகளின் அடி தட்டியது. பிறகு சின்னப் படகுகளை இறங்கித் தள்ள வேண்டி வந்தது. ஒரு பங்குனிக் காலையில், குழம்புத் தூக்கோடு கிளம்பிய செவ்வந்தி, படகு வேண்டாம் என்று விட்டுவிட்டு நடந்தே வந்து சேர்ந்தாள். கணுக்கால் கூட நனையவில்லை.

இரண்டு தீவும் ஒன்றாகிவிட்டது.

அந்த வாரம் போல இன்னொரு வாரத்தை இரண்டு ஊரும் கண்டதில்லை. எல்லோரும் நடுமணலில் நடந்து போய் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களைப் பார்த்தார்கள். பாதி வீடுகள் ஒன்றுக்குள் ஒன்று கொண்டான் கொடுத்தான்தான். ஐஸ்கிரீம் வண்டி வந்தது. கங்கையம்மன் தேர் முதல்முறையாகப் பனையடிவரை போனது. எத்திராசு நடுமணலில் தேசம்மாளை எதிர்கொண்டு, "எல்லாம் நன்மைக்குத்தான் சம்பந்தியம்மா" என்றார். அவளும் மோர் கொடுத்தாள். இந்த முறை குடித்தார்.

மூன்றாம் வாரம் ஏரி நாற ஆரம்பித்தது.

கடல் உள்ளே வந்து போனால்தான் ஏரிக்கு உயிர். வாய் மூடியதும் தண்ணீர் தேங்கிச் சூடேறியது. இறால் கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. கடலில் மீன் கிடைக்காத மாதங்களில் இரண்டு ஊரும் சாப்பிட்டது ஏரியைத்தான். கோதண்டம் ஒருநாள் காலை வெறும் வலையோடு திரும்பி வந்து, மனைவி முன்னால் உட்கார்ந்து, அந்த நாளைக்கான பத்து வார்த்தையையும் ஒன்றாகச் செலவழித்தான்.

"இம்மாம் மணல வெச்சி இன்னா பண்றது? அத நம்மால ஆக்கித் தின்ன முடியுமா?"

தேசம்மாள் எழுந்தாள். ஊர்ச்சாவியை யாரிடமும் கேட்கவில்லை. ஐஸ் உடைக்கிற உளியால் இரண்டாவது பூட்டை உடைத்தாள். அவள் சக்கரத்தில் கை வைத்தபோது, பூட்டு போட்டவர்களில் நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் வெறும் வலைதான் இருந்தது.

"நான் இடது பக்கம் திருப்பினா மட்டும் பத்தாது. அவங்களும் திருப்பணும்" என்றாள்.

கூட்டம் நடுமணலில் நடந்தது. ஷமீமாவும் வந்திருந்தாள். இந்த முறை அறிக்கை கொண்டுவரவில்லை, வாயால் சொன்னாள்.

"ரெண்டு பேரும் இடது பக்கம், மணலத் தூக்குற பக்கம் திருப்பணும். நடுவுல ஒரு கால்வாய் வெட்டி விடணும். அமாவாசை அன்னிக்குக் கடல் ஏத்தம் பெருசா வரும், அந்தத் தண்ணி வந்து மீதியக் கிழிச்சிரும். ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் மறுபடி புடிக்கக் கூடாது. வாய் தொறந்தே இருக்கணும்னா மணல் ஓடிக்கினே இருக்கணும். ரெண்டு ஊருக்கும் கர கொறையும். வருஷம் அஞ்சு அடி, ஆறு அடி."

"மொத வரிச வூடுங்க?" என்று கேட்டார் எத்திராசு.

"நகரணும் நாட்டாரே. ஏரிப் பக்கமா."

முதல் வரிசைக்காரர்கள் எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேசம்மாளுக்குத் தன் வீட்டின் நீலக் கதவு ஞாபகம் வந்தது. போன பொங்கலுக்குத்தான் வண்ணம் அடித்தாள். எழுந்து நின்று சொன்னாள். "மொதல்ல என் வூட்டப் பிரிக்கலாம். ஓட்ட மட்டும் ஒடைக்காம எறக்குங்க."

எத்திராசு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாங்க மட்டும் இன்னா கொறச்சலா? எங்க பக்கம் என் வூடுதான் மொதல்ல" என்றார். அதையும் ஒரு போட்டி போலத்தான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டார்.

அமாவாசைக் காலையில் இரண்டு ஊரும் மண்வெட்டியோடு வந்தது. இயந்திரம் கொண்டுவரப் பாதை இல்லை. முந்நூறு பேர் வரிசையில் நின்று வெட்டினார்கள். பெண்கள் அன்னக்கூடையில் வாரிக் கொட்டினார்கள். வேலையை விட வாய்தான் அதிகம் உழைத்தது. நீ வெட்டுவது கால்வாயா, கோழிக்குழியா என்று பனையடிக்காரர்கள் கேட்க, உங்கள் நாட்டார் தொப்பை நுழையும் அளவுக்கு வெட்டுகிறோம் என்று இவர்கள் சொல்ல, எத்திராசே குனிந்து தன் வயிற்றைப் பார்த்துவிட்டு, "அப்ப இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டுங்கடா" என்றார்.

பதினோரு மணிக்கு ஏற்றம் வந்தது. முதலில் விரல் அகலத்துக்குத் தண்ணீர் கால்வாயில் தடவிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அதன் கூடவே நடந்தார்கள். பிறகு கையகலம். பிறகு யாரோ அடித் துணியை உருவியது போல மணல் சரிந்தது. கரை இரண்டாகப் பிளந்து விலக, எல்லோரும் நினைத்த பக்கம் ஓடினார்கள். ஷமீமா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "போவுது, போவுது" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். கடல் ஏரிக்குள் இரைந்து போனது.

அரை மணி நேரம் கழித்துத்தான் கணக்கெடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாற்பத்தேழு பேர் தப்பான கரையில் நின்றார்கள். எத்திராசு கோரைத்திட்டில். கோதண்டம் பனையடியில். தண்ணீர் இழுத்த வேகத்தில் அன்று படகு விட முடியவில்லை.

எத்திராசு அன்று பகலும் இரவும் தேசம்மாள் சமையலைச் சாப்பிட்டார். இரவல் கைலியில், தொப்பைக்கு மேல் முடிச்சு நிற்காமல், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மறுநாள் காலை ஐஸ் அறைக்கு வந்து சக்கரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதே சக்கரம்தான் எங்ககிட்டயும். இதுக்குத்தானா இம்மாம் சண்ட?"

"பழைய கொழம்பு ஒரு கரண்டி இருக்குது சம்பந்தி. போடட்டா?"

"போடுங்க."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போனது. ஏரியில் இறால் வந்தது. தேசம்மாளின் வீடு ஓடு உடையாமல் ஏரிப்பக்கம் போய் நின்றது. வாசல் மேற்கே பார்க்க, இத்தனை வருஷமாக அலை இரைச்சலில் தூங்கியவளுக்குத் தவளைச் சத்தத்தில் தூக்கம் வர மூன்று மாதம் ஆனது. அவளைத் தொடர்ந்து பதினோரு வீடுகள் நகர்ந்தன. பனையடியில் ஒன்பது. கைப்பந்து மைதானம் போய்விட்டது. பெண்கள் ஏரிச்சேற்றுத் தரையில் ஆடக் கற்றுக்கொண்டார்கள். விழுந்தால் அடிபடாது, ஆனால் யார் என்று அடையாளம் தெரியாது.

மாதம் ஒருமுறை இரண்டு ஊரும் ஷமீமாவை வைத்துக்கொண்டு ஐஸ் அறையில் கூடிச் சக்கரத்தைச் சரிபார்த்தன. அப்படி ஒரு நாளில், தை மாத வெயிலில், வடக்கேயிருந்து ஒரு படகு வந்தது. அந்த நிறத்தில் வண்ணம் அடித்த படகு இந்தப் பக்கம் கிடையாது. மூன்று பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவள் தேசம்மாள் வயதுக்காரி, இடுப்பில் நண்டுக் கூடை. பெயர் ரமணம்மா என்றாள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஐந்து மைலில் அவள் ஊர். பேசிய தமிழில் தெலுங்கு கலந்திருந்தது.

"மணலம்மா யாரு?"

தேசம்மாள் கையைத் தூக்கினாள்.

ரமணம்மா அவள் காலடியில் கூடையை இறக்கி வைத்தாள். "மா ஊர்ல ஏழு வருஷமா மணல் லேது அக்கா. கடல் வந்து வந்து எல்லாம் தின்னுச்சு. ஸ்கூல் போச்சு. ரெண்டு தடவ ஊரையே மாத்தினோம். கங்கம்மாவுக்கு வேண்டாத வேண்டுதல் இல்ல. இந்த வருஷம் மணல் வந்துருச்சு. இவ்ளோ." கையை விரித்துக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. "இது மறுபடி போயிரக் கூடாது. இங்க ஒரு மிஷின் இருக்குதாம், மணல நிக்க வைக்குமாம். எங்களுக்கும் அது ஒண்ணு வேணும்."

தேசம்மாள் ஷமீமாவைப் பார்த்தாள்.

"எங்க வரைபடம் மாநில எல்லையோட முடிஞ்சிருதுக்கா" என்றாள் ஷமீமா, மெல்ல.

எத்திராசு தொண்டையைச் செருமினார். "எல்லாம் அந்த கங்கம்மா புண்ணியந்தாம்மா..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க சம்பந்தி." தேசம்மாள் ஒரு முக்காலியை இழுத்து ரமணம்மாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கூட அன்று குரல் இறங்கித்தான் வந்தது. "அம்மன் மேல பழி போடக் கூடாது. உங்க மணல நாங்கதான் புடிச்சி வெச்சிருந்தோம். மொதல்ல நாங்க, அப்பால இவங்க. எங்களுக்கு வடக்கே இவங்கதான் இருக்காங்கன்னு நெனச்சோம். இவங்களுக்கும் வடக்கே ஒரு ஊரு இருக்கும்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

கூட வந்த இரண்டு பெண்களுக்கும் ரமணம்மா தெலுங்கில் சொன்னாள். அதைச் சொல்ல வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. அவர்களில் இளையவள் வெடுக்கென்று எழுந்து வாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ரமணம்மா சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு கதவு வழியே, குறுகிப்போன கரையைப் பார்த்தாள்.

"நீங்க எத்தன வூடு பிரிச்சீங்க?"

"பன்னெண்டு. பனையடில ஒம்பது."

"எங்களுது நாப்பத்திரெண்டு."

தேசம்மாள் தலை குனிந்துகொண்டாள். எத்திராசு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கூடைக்குள் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ரமணம்மா கூடையைக் காலால் தேசம்மாள் பக்கம் தள்ளினாள்.

"ஆக்குக்கா. காரம் நல்லா போடு. சாப்ட்டுட்டு உக்காந்து பேசலாம்." கொஞ்சம் நிறுத்தி, அந்த வார்த்தை தனக்கே கசப்பது போல் மெதுவாகச் சொன்னாள். "மிஷின் இப்ப வேணாம். எங்களுக்கும் வடக்கே ஒரு ஊர் இருக்குது."